சீமெண்ணெய்க் கிணற்றில் இறக்கிய விளக்கு

நம் வகுப்பில் சன்னல் ஓரம் உட்கார்ந்து ஓயாமல் தும்மிக்கொண்டிருப்பானே, அவனை உங்களுக்கு மறந்திருக்காது. போன மாதம் அவன் வேலை தேடிக்கொண்டு பர்மாவுக்கு, நாங்கள் இருக்கிற இந்த எண்ணெய்க்காட்டுக்கே வந்து சேர்ந்தான். எங்கள் குடிசையில்தான் தங்கினான். அப்பா இராவேலைக்குப் போயிருந்த நேரம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, "நம்ம விளக்கு வாத்தியார் இப்பம் எங்கன இருக்காவளோ?" என்று கேட்டான். கண்ணைச் சுருக்கி, அவர் நடக்கிறபடி தலையை ஆட்டியும் காட்டினான். என் அம்மா சிரித்தாள். பக்கத்தில் இருந்த சித்தப்பா, கண் தெரியாதவர், அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்படிச் சிரித்ததனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கொழும்புக் கடையில் இருந்தாலும் சரி, பாளையங்கோட்டையிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாலும் சரி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். படித்த பிறகு அந்தப் பேரை விட்டுவிடுங்கள். அது அவருக்குச் சேர்ந்த பேர் இல்லை.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. தச்சநல்லூருக்கு வடக்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுப் பூமி எங்களுடையது. தாமிரபரணி பக்கத்திலே ஓடினாலும் எங்கள் பக்கத்துக் கடலைக்கும் மிளகாய்க்கும் அது ஓடாத மாதிரிதான். அந்தக் குறையில்தான் எங்களுக்குச் சோறு. அப்பாவும் சித்தப்பாவும் கிணறு வெட்டுகிறவர்கள். அப்பா பாறைக்கு வேட்டு வைப்பார். அவர் கையில் எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும் மருந்து வாடை போகாது. சித்தப்பா மேலே ஈரக்கல் வாடை. அவர்தான் முதலில் இறங்குகிறவர். உடம்பு ஒல்லி, பயம் கிடையாது, வாயும் ஓயாது.

அவர் வாய் ஓய்கிற நேரம் ஒன்று உண்டு. நாள்பட்ட கிணறு என்றால் அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கும். அதனால் ஆள் இறங்குமுன் விளக்கு இறங்கும். அகலை ஏற்றி உறியில் வைத்து, கயிற்றைப் பைய விடுவார்கள். இறங்கப் போகிறவன்தான் கயிற்றைப் பிடிக்கவேண்டும். விளக்கு அடியைத் தொடுகிற மட்டும் யாரும் பேசக்கூடாது, குறுக்கே வரக்கூடாது, பாதியில் நிறுத்தக்கூடாது. சுடர் நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் வேப்பங்குழையைக் கட்டாகக் கட்டி மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலைத்துவிட்டு, மறுபடியும் விளக்கு. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வழக்கம் அது. எங்கள் ஆட்களில் யாரும் விளக்கு பார்க்காமல் இறங்கியதில்லை. கிணற்றில் செத்ததும் இல்லை.

இரண்டாம் வருசமாக அந்த வருசமும் மழை பொய்த்தது. மழை இல்லாவிட்டால் கிணற்று வேலை கூடும் என்று நினைப்பீர்கள். ஒரு வருசம் பொய்த்தால் கூடும். அடுத்த வருசமும் பொய்த்தால் வெட்டச் சொல்ல யார் கையிலும் ஒன்றும் இருக்காது. அப்போதுதான் பர்மாவுக்கு ஆள் சேர்க்கிற கங்காணி வந்தார். பட்டுக்கரைத் துண்டும், காலில் செருப்பும், பேச்சில் பாதி எங்களுக்கு விளங்காத ஊர்ப்பேருமாக வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நம்ம ஊர்ல பூமிக்குள்ள தண்ணி கெடக்குல்லா, அது மாதிரி அங்கன சீமெண்ணெய் கெடக்கு அண்ணாச்சி. கிணறு வெட்டி மொண்டு எடுக்கவேண்டியதுதான்."

"அப்பம் தாகத்துக்கு என்னத்தவே குடிப்பாவ?" என்றார் சித்தப்பா.

"ஆறு ஓடுதுவே. நம்ம ஆத்தப் போல பத்து ஆறு அகலம்."

"அம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டா கிணறு வெட்டுதானுவ? கொழுப்புத்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துக்கொண்டே, ஆண்கள் முதலில் போய்க் காலூன்றியதும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், பெண்களுக்கு மண் சுமக்கிற வேலை உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று சொல்லி, அச்சடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருக்கும் எழுத்து தெரியாது. எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பத்து வயது, மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன். பாதியில் இந்த வரி வந்தது: கிணற்று வாயின் அருகே விளக்கு, சுருட்டு, நெருப்பு எவ்விதத்திலும் கூடாது.

அப்பா கையைத் தூக்கினார். "நிறுத்து. இன்னொரு மட்டம் படி."

படித்தேன்.

"விளக்கு கூடாதா? விளக்கு எறக்காத கிணத்துல மனுசன எறக்குததும் குழியில எறக்குததும் ஒண்ணுதாம்வே. என் தம்பிய நான் எறக்கமாட்டேன்."

"அதென்னமோ துரைமார் போட்ட சட்டம் அண்ணாச்சி. எனக்கென்ன தெரியும்? நானா எழுதினேன்?" என்றார் கங்காணி.

அவர் அசலூரில் மண் சுமக்கிற ஆட்களைச் சேர்த்துவிடுகிறவர். கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்பா தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "நாளைக்கு வாத்தியார்ட்டக் காட்டி அர்த்தம் கேட்டுட்டு வா. விளக்கு எறக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்குன்னா நாம போகல. அவுக சொல்லுததுதான் முடிவு."

இந்த இடத்தில் உங்களை நான் சேர்க்க வேண்டியிருக்கிறது. கங்காணி எங்கள் தெருவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, நாங்கள் கப்பலேறப் போகிறோம் என்று வகுப்பில் சொல்லிவிட்டிருந்தேன். நீங்கள் எனக்குக் 'கப்பல்காரன்' என்று பேர் வைத்தீர்கள். அதுவரைக்கும் நான் கடைசி வரிசை, எண்ணெய் காணாத தலை, கிணறு வெட்டுகிறவன் மகன். கப்பல்காரன் ஆனபிறகு முன் வரிசையில் இடம் விட்டீர்கள். ஒருவன் பாதி கடித்த கொய்யாப்பழத்தைத் தந்தான். உங்கள் மேல் பழி சொல்லவில்லை. பத்து வயசில் எனக்கு எது பெரிதாகத் தெரிந்தது என்று சொல்லுகிறேன்.

தாளைச் சிலேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாத்தியார் படித்தால் என்ன சொல்லுவார் என்றும் தெரியும். வெளுத்து வெளுத்து நூலாகிப்போன அந்தப் பித்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி வரிசை வரிசையாக வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

"அது என்னலே காகிதம்?"

"ஒண்ணுமில்ல ஐயா. கடையில பொட்டணம் கட்டித் தந்தது."

"அச்சடிச்சதா இருக்கே. எதும் வாசிக்கணும்னா கேளு, என்னா? கூச்சப்படாதே."

"இல்ல ஐயா."

அவர் போய்விட்டார். அவ்வளவுதான். கை நீட்டுகிற தூரத்தில் அவர் நின்றார், நான் நீட்டவில்லை.

சாயங்காலம் அப்பா கேட்டதும், வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். "அது சுருட்டுக் குடிக்கவங்களுக்குப் போட்டதாம்பா. வேலைக்கு எறக்குத விளக்குக்கு இல்லியாம். வாத்தியார் வாசிச்சுப் பாத்துட்டுச் சொன்னாவ."

அப்பா முகம் தெளிந்துவிட்டது. "நான் நெனச்சேன். சுருட்டப் புடிச்சுக்கிட்டு சோம்பேறியா உக்காருவானுவள்லா, அதுக்குப் போட்டிருக்கான். படிச்சவுக படிச்சவுகதான்" என்றார். பாறையைத் தட்டிப் பார்த்தே அடியில் ஊற்று எந்தப் பக்கம் என்று சொல்லுகிற மனிதர் என் அப்பா. எழுத்தென்று வந்தால் மட்டும் அவருக்குத் தட்டிப் பார்க்கத் தெரியாது.

அதற்குப் பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. அம்மா பொரிவிளங்காய் பிடித்தாள். கருப்பட்டியைத் துணியில் முடிந்தாள். மாடன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். ஊர் மாறினாலும் தொழில் மாறாது என்று கடப்பாரை, வடக்கயிறு, உறி எல்லாம் சாக்கில் ஏறின. அந்த ஊரில் நல்ல பஞ்சு கிடைக்குமோ என்னவோ என்று அம்மா உட்கார்ந்து தொடையில் வைத்து உருட்டி, ஒரு டப்பா நிறையத் திரி திரித்துக் கொடுத்தாள். நான் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சித்தப்பா என்னைக் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். ஆழமான கசத்துப் பக்கம் போய் என்னைத் தோளில் நிறுத்திக் குதிக்கச் சொன்னார். மூக்கில் தண்ணீர் ஏறி நான் இருமிக்கொண்டிருக்கும்போது, கரையில் வேட்டியைப் பிழிந்தபடி சாதாரணமாகக் கேட்டார்:

"ஏலே, வாத்தியார் முழுக்க வாசிச்சுத்தான சொன்னாவ?"

"ஆமா சித்தப்பா."

"சரி. அண்ணனுக்குத்தான் மனசு அடிச்சுக்கிட்டே கெடக்கு. எனக்கு ஒண்ணுமில்ல" என்று என் தலையைத் துவட்டினார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ரயிலுக்குச் சீட்டு வாங்கவில்லை அப்போது.

இரண்டு பேரும் ரயிலேறி நாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலில் போனார்கள். நான் வகுப்பில் கப்பலைப் பற்றித் தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள்.

இரண்டாம் மாதம் கார்டு வந்தது. அப்பா யாரிடமோ சொல்லி எழுதியது. எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியது. மூன்றாவது வரியில் சித்தப்பாவின் முகத்திலும் கையிலும் நெருப்புப் பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றும், கண் இரண்டும் தெரியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்றும் இருந்தது. "படிலே, ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அம்மா. படித்தேன்.

நடந்தது இப்படி. ரொம்ப நாள் சும்மா கிடந்த ஒரு பழைய வெட்டுக்கிணற்றைத் தூர் எடுக்கச் சொல்லி அவர்களைக் கங்காணி கொண்டுபோய் விட்டிருக்கிறார். மேற்பார்வைக்கு யாரும் வருமுன்பே இவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா உறியைக் கட்டினார், விளக்கை ஏற்றினார், குனிந்து கயிற்றை விட்டார். தூரத்துக் கிணற்றிலிருந்து பர்மாக்காரன் ஒருவன் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே ஓடிவந்தானாம். "குறுக்க வாரானேன்னு நான்தான் போயி அவனப் புடிச்சு நிறுத்தினேன்" என்று அப்பா பிற்பாடு சொல்லுவார். "விளக்கு எறங்கும்போது பேசக்கூடாதுன்னு சைகை காட்டினேன்." அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் தன் கையையே பார்ப்பார். சீமெண்ணெய்க் கிணற்றில் தங்குகிற காற்று விளக்கை அணைக்கிற காற்று இல்லை, பற்றிக்கொள்ளுகிற காற்று என்று அவர்களுக்கு யார் சொன்னது? அந்தத் தாள்தான் சொன்னது.

சித்தப்பாவை அப்பா ஊருக்குக் கூட்டிவந்தார். திருநெல்வேலிப் பாலத்து ஸ்டேஷனில் இறங்கியபோது முகம் பூராவும் துணிக்கட்டு. அவருக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் அந்த வாரமே சொல்லியனுப்பிவிட்டார்கள். அவர் வாய் மட்டும் பழைய வாய்தான், ஆனால் சிரிப்புக்குப் பதில் வேறொன்று வந்தது. "அந்த வாத்தியார் எங்கன இருக்கான்? என்னைய அவன்ட்டக் கொண்டுபோயி விடு" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் வந்தேவிட்டார்கள். நீங்கள் எல்லாரும் அந்த வகுப்பில் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது வேறு, நடந்தது வேறு.

கம்பு ஊன்றி வந்த சித்தப்பாவை அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கழற்றி வைக்கச் செருப்பில்லாத கால் என்றாலும் உள்ளே வரத் தயங்கினார். "ஐயா, அந்தத் தாள வாசிச்சுட்டு விளக்கு எறக்கலாம்னு நீங்க சொன்னியளாமே?"

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தத் தாள்?" என்றார்.

"பையன் கொண்டுவந்தது. நீங்க சொல்லலன்னா இப்பமே சொல்லிருங்க. அவன் பொய் சொல்லியிருந்தா இன்னையோட படிப்பு முடிஞ்சுது. கைய ஒடிச்சுக் கல்லுச் சுமக்க விட்டுருதேன்."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். பொட்டணத் தாள் அப்போது அவருக்கு நினைவு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"நான் சொன்னேனாலே?" பையத்தான் கேட்டார்.

"ஆமா ஐயா" என்றேன்.

அவர் அப்பா பக்கம் திரும்பி, "சொல்லியிருக்கேன். சரியா வாசிக்காம சொல்லிட்டேன். என் தப்புதான்" என்றார்.

குரல் வந்த திசையைப் பார்த்து ஒரு எட்டு வைத்துச் சித்தப்பா துப்பினார். அது வாத்தியார் முகத்தில் விழுந்தது. உங்களில் யாரோ 'ஐயோ' என்றீர்கள். அவர்கள் போன பிறகு வாத்தியார் மேசைக்குப் போய், "கணக்க எடுங்கலே" என்றார். நானும் எடுத்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாக் கணக்கும் சரியாக வந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. மேலிடத்தில் விசாரித்தார்கள். அவரிடம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று நாலைந்து வீட்டார் சொன்னார்கள். பரீட்சைக்கு முன்னால் அவரைப் புன்னக்காயல் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் போனார். 'விளக்கு வாத்தியார்' என்ற பேரை யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. நானாகக்கூட இருக்கலாம்.

மறுபடியும் பர்மாவுக்குப் போன அப்பாவுக்கு எண்ணெய்க்காட்டுக்காரர்கள் கொதிகலனுக்கு விறகு போடுகிற வேலை கொடுத்தார்கள். நான் எட்டாம் வகுப்பை முடித்ததும் குடும்பத்தோடு வந்துவிட்டோம். அம்மா மண் சுமந்தாள். சித்தப்பா கண் இல்லாமலே கயிறு திரிக்கப் பழகிக்கொண்டார். எழுத்து தெரிந்ததனால் என்னை ஆபீசில் ஆட்களின் பேர் எழுத வைத்தார்கள். இங்கே வெட்டுக்கிணற்றில் பர்மாக்காரர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று முதல் வாரமே போய்ப் பார்த்தேன். கிணற்று வாயில் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலை உள்ளே அனுப்புகிறார்கள். இறங்குகிறவன் முன்கூட்டியே கண்ணைத் துணியால் கட்டி இருட்டுக்குப் பழக்கிக்கொள்ளுகிறான். கண்கட்டை அவிழ்த்துவிட்டு இறங்கி, மூச்சுத் தாங்குகிற மட்டும் வெட்டிவிட்டு மேலே வந்துவிடுகிறான். விளக்கே கிடையாது. அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

நான் உடுத்துகிற சட்டை, நான் பிடிக்கிற பேனா, நாங்கள் குடும்பமாகத் தின்கிற இந்தச் சோறு எல்லாம் வாத்தியார் அன்றைக்கு ஏற்றுக்கொண்ட பொய்யிலிருந்து வந்தது. அவர் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இன்றைக்குக் கல் சுமந்துகொண்டிருப்பேன். இது தெரிந்தும் பத்து வருசம் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் சிரிக்கவும் சிரித்தேன்.

மறுநாள் காலையில், தும்முகிறவன் வேலை கேட்கப் போன பிறகு, கயிறு திரித்துக்கொண்டிருந்த சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

"அப்பம் அவுக அந்தத் தாளப் பாக்கவே இல்லியா?"

"இல்ல சித்தப்பா."

"நீ காட்டவே இல்லியா?"

"இல்ல."

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. நாரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு போனது போகட்டும்லே. கிணத்துத் தொழில்ல கண்ணும் போகும், காலும் போகும். ஒண்ணுமறியாத மனுசன் மூஞ்சில என்னையத் துப்ப வச்சிட்டியே." நாரை மறுபடி தடவி எடுத்துக்கொண்டே, "துப்பினேன், அம்புட்டுதான் எனக்குத் தெரியும். எனக்குத்தான் கண்ணு தெரியாதே. அப்பம் அவுக என்ன செஞ்சாவ?" என்று கேட்டார்.

பத்து வருசமாக நான் யாரிடமும் சொல்லாதது அதுதான். சொன்னேன். "துப்பின வேகத்துல உங்க கையில இருந்த கம்பு கீழ விழுந்துட்டு சித்தப்பா. மூஞ்சியத் தொடைக்கக்கூட இல்ல. அவுகதான் குனிஞ்சு எடுத்து உங்க கையில குடுத்தாவ."

"அவுகளா?" என்றார் சித்தப்பா. "அண்ணன்னுல்லா நெனச்சேன்."

வாத்தியார் எங்கே இருக்கிறார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். புன்னக்காயல் பக்கத்தில் விசாரிக்கச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவரைத் தேடிப் போகச் சித்தப்பா மாற்று வேட்டியை மூட்டையாகக் கட்டித் தலைமாட்டில் வைத்திருக்கிறார். கப்பல் எப்போது என்று அம்மாவிடம்தான் கேட்கிறார். என்னிடம் பேசுவதில்லை.